அவர் பக்கத்து வீட்டுக்குக் குடிவரட்டும்

மழையும் குளிரும் கூடுகிற நாட்களில் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். தெருவில் படுத்திருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? போர்வையா, சாப்பாடா, செருப்பா? மனதாரத்தான் கேட்கிறார்கள். நனைந்து கிடக்கிறவருக்கு அந்த ராத்திரி உலர்ந்த போர்வை ஒன்று கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் எதையும் வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஆனால் உள்ளூரில் ஒரு சிறு குழுவோடு சேர்ந்து ராத்திரி நேரங்களில் தெருவைச் சுற்றிவருவது என் வழக்கம். போன வருஷம் எங்களிடம் போர்வை வாங்கியவர் இந்த வருஷமும் அதே மூடிய கடையின் படிக்கட்டில்தான் இருக்கிறார். உடம்பு இன்னும் மெலிந்திருக்கிறது, இருமல் கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் தெருவில் காலியாக ஒரு வீடோ அறையோ இருக்கிறதா? அதற்கு அவர் வாடகைக்கு வந்தால் சம்மதிப்பீர்களா?

இதற்கு உடனே பதில் வராது. வராததில் தப்பும் இல்லை. யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விதான். ஆனால் அக்கம்பக்கத்தாரின் கையில் மட்டுமே இருக்கிற உதவி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பணத்தை அரசாங்கம் ஒதுக்கலாம், கட்டடத்தைக் கட்டலாம், மருத்துவரை அனுப்பலாம். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதத்தை ஆணை போட்டு வரவழைக்க முடியாது.

முதலில், ஆட்கள் ஏன் தெருவுக்கு வருகிறார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். குடி, போதை, மனநோய், சோம்பல் என்று பலரும் சொல்வார்கள். தெருவில் இருக்கும் சிலருக்கு இந்தச் சிக்கல்கள் உண்டு. பலருக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் அவை வந்தன. ஆனால் ஒரு நகரத்தில் வீடற்றவர்கள் ஏன் அதிகம், இன்னொன்றில் ஏன் குறைவு என்பதற்கு இவற்றில் விடை இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கிரெக் கோல்பர்ன் பல நகரங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். போதைப்பழக்கமோ ஏழ்மையோ அதிகமாக உள்ள இடங்களில்தான் வீடற்றவர்கள் அதிகம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. எங்கே வாடகை உயர்ந்து, காலி வீடுகள் அரிதாகிவிட்டனவோ, அங்கேதான் அதிகம். மேற்கு வர்ஜீனியாவில் போதைமருந்தால் சாகிறவர்களின் விகிதம் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக இருந்துவருகிறது. ஆனால் அங்கே வாடகை குறைவு, வீடற்றவர்களும் குறைவு. சியாட்டிலும் சான் பிரான்சிஸ்கோவும் செல்வம் கொழிக்கும் நகரங்கள். நடைபாதைக் கூடாரங்களை அங்கேதான் பார்க்கிறோம். யார் வெளியே தள்ளப்படுகிறார் என்பதை நோயோ கடனோ குடும்பச் சண்டையோ முடிவு செய்யலாம். எத்தனை பேர் தள்ளப்படுகிறார்கள் என்பதை முடிவு செய்வது வாடகைதான்.

நாங்கள் தெருவில் சந்திப்பவர்களின் கதைகளில் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லோரும் ஏதோ ஒரு கதவு வழியாக வெளியே வந்தவர்கள். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்த பிறகு, போக இடமில்லாமல் வெளியே நின்றவர், சிறையிலிருந்து விடுதலையானவர், பதினெட்டு வயது ஆனதும் குழந்தைகள் இல்லத்திலிருந்து அனுப்பப்பட்ட பையன், அடி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்த பெண், முதலாளி கொடுத்த அறையில் தங்கி வேலை பார்த்து, வேலை போன அன்றே அறையையும் இழந்தவர். இந்தக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று ஊருக்குத் தெரியும். எந்த வார்டிலிருந்து யாரை எப்போது அனுப்பப்போகிறார்கள் என்பதும் யாரோ ஒருவருக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும். அந்த ஒருவர் அதை யாரிடம் சொல்வது என்ற ஏற்பாடுதான் பெரும்பாலான ஊர்களில் இல்லை.

தெரு ஆளை வேகமாகச் சிதைத்துவிடும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடற்ற நிலையில் இறந்தவர்களின் சராசரி வயதை அரசின் புள்ளிவிவர அலுவலகம் 2021க்குக் கணக்கிட்டது. ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. குளிரைவிட, பசியைவிட, முதலில் போவது தூக்கம். கண்ணை மூடினால் பை போய்விடும். அடிவிழும் பயமும் இருக்கிறது. பெண்களுக்கு அதைவிட மோசமான பயம். அதனால் பலர் ராத்திரி முழுக்க நடந்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்கிறார்கள். பகலில் தூங்குகிறான் பார், சோம்பேறி என்று கடந்துபோகிறவர்கள் சொல்வது அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது.

எங்களுக்குத் தெரிந்த ஓர் அம்மா தன் காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதைத் துணிப்பையில் போட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். ஒருநாள் விடியற்காலையில் அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் தெருவைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் அந்தப் பையையும் குப்பையோடு அள்ளிப்போட்டுவிட்டார்கள். அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, இறந்துபோன மகனின் புகைப்படம் எல்லாம் அதோடு போயிற்று. புது அட்டைக்கு விண்ணப்பிக்க அவரோடு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் நிரந்தர முகவரி என்ற கட்டம் வந்ததும் எழுதிக்கொண்டிருந்த அம்மா பேனாவை என்னிடம் நீட்டினார். "இங்க என்ன தம்பி போடுறது?" என்றார். முகவரி இருந்தால்தான் அட்டை. அட்டை இருந்தால்தான் வங்கிக் கணக்கும் வாடகை ஒப்பந்தமும். ஒப்பந்தம் இருந்தால்தான் முகவரி. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எங்கள் குழுவில் இருப்பவர், "என் வீட்டு முகவரியைப் போட்டுக்கோங்கம்மா, கடிதம் வந்தா நான் வாங்கி வைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். காசு செலவில்லாத உதவிதான். அந்த அம்மா அதன் பிறகு வாங்கிய ஒவ்வொரு காகிதமும் அந்தக் கையெழுத்தில்தான் தொடங்கியது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உலகில் நெடுங்காலம் இருந்துவந்த முறை படிக்கட்டு முறை. முதலில் இரவுக் காப்பகம். அங்கே ஒழுங்காக நடந்துகொண்டால் விடுதியில் ஒரு கட்டில். குடியை விட்டால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால், தற்காலிக அறை. எல்லாவற்றிலும் தேறினால் கடைசியில் வீடு. பாதிப் படியிலேயே பெரும்பாலானவர்கள் விழுந்துவிடுவார்கள். நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992இல் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீட்டைக் கொடு, அதுவும் சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. சிகிச்சையும் மற்ற உதவிகளும் குடிவந்தவர் விரும்புகிற வேகத்தில் அந்த வீட்டுக்கே வரட்டும் என்றார். குடிப்பவருக்குச் சும்மா வீடு கொடுப்பதா என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடியாத ஒருவரிடம் குடியை விடு என்று சொல்வதில் அர்த்தம் இல்லை என்பதே என் பதில். கனடா அரசு 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநலச் சிக்கல் உள்ள வீடற்றவர்கள் 2,000 பேருக்கும் மேற்பட்டவர்களை வைத்து இதைச் சோதித்தது. முதலில் வீடு பெற்ற குழுவினர் ஆய்வுக் காலத்தில் 73 விழுக்காட்டு நேரம் நிலையான வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவிகள் மட்டும் கிடைத்தவர்களுக்கு அது 32 விழுக்காடு.

இதை ஒரு நாடே கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பின்லாந்து இருக்கிறது. 1985இல் அங்கே ஒய் அறக்கட்டளை என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. சாதாரண அடுக்குமாடிகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வீடுகளை வாங்கி, வீடில்லாதவர்களுக்கு வாடகைக்கு விடுவது அதன் வேலை. இந்த இங்கொன்றும் அங்கொன்றும் என்பது முக்கியம். ஒரே இடத்தில் எல்லோரையும் குவித்தால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் விழுந்துவிடும். 2008இல் அரசும் நகராட்சிகளும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, முதலில் வீடு என்பதை நாட்டின் கொள்கையாக்கின. பெரிய காப்பகங்களை அவர்கள் படிப்படியாக மூடினார்கள். பலவற்றைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் கட்டி, வாடகை ஒப்பந்தத்தோடு கொடுத்தார்கள். ஹெல்சிங்கியில் 1985இல் காப்பகங்களிலும் விடுதிகளிலும் 2,121 படுக்கைகள் இருந்தன. 2016இல் 52. நாடு முழுவதும் 1987இல் 18,000க்கும் மேல் இருந்த வீடற்றவர்களின் எண்ணிக்கை 2023இல் 3,429க்கு இறங்கியது. அதிலும் பாதிக்கு மேல் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டியிருப்பவர்கள்.

2024இல் அந்த எண்ணிக்கை 3,806க்கு ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகளுக்கும் மேலாக இறங்கிவந்தது, வாடகைக்கான அரசு உதவித்தொகையில் வெட்டு விழுந்த பிறகு ஏறத் தொடங்கியது. இந்த வேலையில் ஒருமுறை செய்து முடித்தோம் என்பது கிடையாது. இங்கிலாந்திலும் இதே பாடம்தான். 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கியபோது, தெருவில் இருக்கும் எல்லோரையும் உள்ளே கொண்டுவாருங்கள் என்று அரசு உள்ளாட்சிகளிடம் சொன்னது. காலியாகக் கிடந்த ஹோட்டல் அறைகள் திறக்கப்பட்டன. மே மாதத்துக்குள் ஏறத்தாழ 15,000 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். முடியாது முடியாது என்று அதுவரை சொல்லப்பட்டது சில வாரங்களில் நடந்தது. அங்கே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்துத் தெருவில் படுப்பவர்களை எண்ணுவார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை 2,440 அளவுக்கு இறங்கியிருந்தது. அந்த வேகமும் பணமும் நின்ற பிறகு, 2024இல் 4,667.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை அல்லவா, ஒரு தெருவில் இருக்கும் பத்துப் பேரால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஆகும்.

தொடங்க வேண்டிய இடம் பெயர். எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணுவது பத்திரிகைக்குப் போதும், வேலைக்குப் போதாது. அமெரிக்காவில் ரோசன் ஹாகர்ட்டி தலைமையில் 2010இல் தொடங்கிய இயக்கம் ஒன்று, நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் பேருக்கு வீடு என்ற இலக்கோடு ஊர் ஊராக வேலை செய்தது. விடியற்காலையில் போய், தெருவில் படுத்திருக்கும் ஒவ்வொருவரோடும் பேசி, அவர் பெயரையும் உடல்நிலையையும் அவருக்கு என்ன வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்வது அதன் முதல் படி. அதன் தொடர்ச்சியாக வந்த திட்டத்தில் சேர்ந்த ஊர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலைத் தொடர்ந்து புதுப்பிக்கின்றன. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஊர். பெயர்ப் பட்டியலை வைத்தே அங்கே முதலில் முன்னாள் படைவீரர்கள், பிறகு 2017இல் நெடுநாளாகத் தெருவில் இருப்பவர்கள் என்று இரு பிரிவிலும் எண்ணிக்கையைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். இனி யாருமே தெருவுக்கு வரமாட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. வருகிறவரை ஊர் உடனே கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று பொருள்.

சின்ன அளவில் இதை எந்த ஊரிலும் செய்யலாம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர், உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர், சாப்பாடு கொடுக்கும் குழுவிலிருந்து ஒருவர், ராத்திரி சுற்றுகிறவர்களில் ஒருவர், முடிந்தால் முன்பு தெருவில் வாழ்ந்து இப்போது வீட்டில் இருக்கும் ஒருவர். கடைசியாகச் சொன்னவர் இல்லாத மேஜையில் பேச்சு சீக்கிரமே வேறு எங்கோ போய்விடும் என்பது என் அனுபவம். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் படித்து, இந்த வாரம் இவருக்கு அடுத்து என்ன, அதை யார் செய்வது என்று மட்டும் கேட்க வேண்டும். அட்டையா, பல்வலியா, தங்கையோடு ஒருமுறை போனில் பேசிவைப்பதா? பெயர் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது, பட்டப்பெயர் போதும். இந்தப் பட்டியல் விரட்டுகிறவர்கள் கைக்குப் போகவே கூடாது. ஒருமுறை போனால் அதன் பிறகு யாரும் உங்களிடம் பேசமாட்டார்கள்.

ஹூஸ்டன் நகரம் செய்ததும் அடிப்படையில் இதுவே, பெரிய அளவில். நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு பட்டியல், ஆளுக்கொரு வரிசை என்று இருந்ததை விட்டு, ஒரே வரிசைக்கு வந்தன. 2022 வரையிலான பத்தாண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டவர்கள் நேரே வீடுகளுக்குப் போனார்கள். ஒரே ஊரில் ஆறு குழுக்கள் ஒரே ஆளுக்கு ஆறு பொட்டலம் கொடுத்து, ஆறு படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஹூஸ்டன் நினைவுக்கு வரும். அந்த ஆறு குழுக்களின் மனமும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்தால் அது ஒரு வீட்டு வாடகை.

தெருவுக்கு வந்தவரை மீட்பதைவிட, வருமுன் பிடித்து நிறுத்துவது எளிது. இதில் அக்கம்பக்கத்தாரை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு மாதம் வாடகை பாக்கி விழுந்ததும் யாருக்கு முதலில் தெரியும்? எதிர் வீட்டுக்கு. வேலை போனது, பையன் பள்ளிக்கு வருவது நின்றது, வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாக விற்கப்படுவது எல்லாம் அரசாங்கத்தின் எந்தக் கோப்பிலும் ஏறுவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்துவிடும். சிகாகோவில் வாடகை கட்ட முடியாதவர்கள் கூப்பிடுவதற்கு ஒரு தொலைபேசி மையம் உண்டு. கூப்பிடுகிற அன்று நிதி கையில் இருந்தால் ஒருமுறை உதவித்தொகை கிடைக்கும்; இல்லாத அன்று கிடைக்காது. நிதி இருந்த நாளில் கூப்பிட்டவர்களையும் இல்லாத நாளில் கூப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு 2016இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நிதி இருந்த நாளில் கூப்பிட்டவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் காப்பகத்துக்கு வரும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்திருந்தது. ஒரே ஒருமுறை, சரியான நேரத்தில் கிடைத்த பணம்.

கையில் பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பேச்சும் உடனே வரும். வான்கூவரில் வீடற்ற 50 பேருக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், ஆளுக்கு 7,500 கனடிய டாலர் ஒரே தவணையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2023இல் வெளியாயின. பணம் வாங்கியவர்கள் ஓராண்டில், வாங்காதவர்களைவிட 99 நாள் குறைவாகத் தெருவிலும் காப்பகத்திலும் கழித்திருந்தார்கள். குடிக்கும் போதைக்கும் செய்த செலவு கூடவில்லை. கடுமையான போதைச் சிக்கலில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, சம்மதம். இங்கேதான் நல்ல திட்டங்கள் பலவும் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஒரு தெருவில் பழைய வீடு ஒன்றை எடுத்து, தெருவில் இருந்த சிலரைக் குடியமர்த்தலாம் என்று எங்கள் குழு பேச்சைத் தொடங்கியபோது, குடியிருப்போர் கூட்டம் ஒன்றுக்கு எங்களை வரச்சொன்னார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் நிறைந்திருந்தது. முதல் அரைமணி நேரம் கோபம்தான். "பிள்ளைங்க விளையாடுற தெருங்க இது." "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?" நாங்கள் புள்ளிவிவரம் எதையும் எடுத்துவைக்கவில்லை. பயத்தில் இருப்பவரிடம் விழுக்காடு பேசினால் பயம் கூடத்தான் செய்யும். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ராத்திரி ரெண்டு மணிக்குச் சத்தம் கேட்டா நான் யாரைக் கூப்பிடணும்? அதை மட்டும் சொல்லுங்க." அது நியாயமான கேள்வி. எங்களில் இரண்டு பேர் தங்கள் எண்களைக் கரும்பலகையில் எழுதி, எந்த நேரமும் எடுப்போம், அரைமணி நேரத்தில் வருவோம் என்று சொன்னார்கள். குடிவரவிருந்தவர்களில் ஒருவர் அப்போது எழுந்தார். "ஐயா, நான் லேத் பட்டறையில வேலை பார்த்தவன். கை நடுக்கம் வந்து வேலை போச்சு" என்றார். அந்தப் பெரியவர் எந்தப் பட்டறை என்று கேட்டார். அதன் பிறகு கொஞ்ச நேரம் கூட்டம் அவர்கள் இருவர் பேச்சாகத்தான் இருந்தது. முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. முதலில் இரண்டு பேர் வரட்டும், பார்ப்போம் என்றார்கள். அது போதுமாக இருந்தது. கடைசிவரை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களை வில்லனாக்கிப் பேசியிருந்தால் அந்தத் தெருவில் அடுத்த கதவு எதுவும் திறந்திருக்காது.

சம்மதித்த ஊர்கள் வரலாற்றில் இருக்கின்றன. பெல்ஜியத்தின் கேல் என்ற சிற்றூரில், மனநோயாளிகளைக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு முதல் தொடர்கிறது. 1930களின் கடைசியில் 3,700க்கும் மேற்பட்டவர்கள் அப்படி வாழ்ந்தார்கள். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட தி பேன்யன் அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களைத் தேடிச் சிகிச்சை கொடுத்துவந்தது. குடும்பத்துக்குத் திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்காக 2015இல் வேறு வழியைக் கண்டது. நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், வாடகை வீட்டில் குடும்பம்போல வாழ்கிறார்கள். உதவியாளர் உடன் இருக்கிறார். ‘மீண்டும் வீடு’ என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் அவர்களை வணக்கம் சொல்லி விசாரிக்கிற அளவுக்கு அறிமுகமாகும் வரை பொறுமையாக இருப்பதும் அந்தத் திட்டத்தின் வேலைதான்.

வீட்டுக்குள் போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சாவி கிடைத்த பிறகு வருகிற முதல் சில மாதங்கள் மிகக் கடினமானவை. நான் சொன்ன அந்த லேத் தொழிலாளி முதல் வாரங்களில் கட்டிலில் படுக்கவில்லை. கதவை ஒட்டித் தரையில், செருப்பைக் காலில் போட்டபடியே, பையில் கைவைத்துப் படுப்பார். அமைதியாக இருந்தால் தூக்கம் வரவில்லை என்பார். தெருவில் நண்பர்கள் இருந்தார்கள். இங்கே நான்கு சுவர். சிலர் இந்தத் தனிமை தாங்காமலே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காப்பகத்தை விட்டுப் போகிற மனநோயாளிகளோடு ஒரு பணியாளர் ஒன்பது மாதம் கூடவே இருந்தால் என்ன ஆகும் என்று நியூயார்க்கில் எஸ்ரா சஸ்ஸரும் அவர் குழுவினரும் சோதித்து 1997இல் எழுதினார்கள். அடுத்த ஒன்றரை ஆண்டில் அப்படித் துணை கிடைத்தவர்கள் சராசரியாக 30 இரவுகளை வீடில்லாமல் கழித்தார்கள். கிடைக்காதவர்கள் 91 இரவுகள். எங்கள் ஊரில் அந்தத் துணையாக இருந்தவர்கள் படித்த பணியாளர்கள் இல்லை. கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் சாயங்காலம் நடைக்குப் போகும்போது கதவைத் தட்டி, "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கூட்டிப்போனார். கேஸ் பற்றவைக்கவும் கரண்ட் பில் கட்டவும் ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான்.

விரட்டுவதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. பெஞ்சுக்கு நடுவில் கம்பி வைப்பது, படிக்கட்டில் முள் பதிப்பது, வெளியில் தூங்குவதற்கு அபராதம் போடுவது எல்லாம் பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2024 ஜூனில், ஊர்கள் அப்படித் தண்டிப்பதற்குத் தடையில்லை என்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்துவிட்டது. விரட்டப்பட்டவர் அடுத்த தெருவுக்குப் போகிறார். போகிற வழியில் அட்டையும் மாத்திரையும் தொலைகின்றன. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் சில வாரம் ஆகிறது.

ஆக, ஒரு தெருவில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது வீட்டுக்காரர் ஒருவரை. அவரிடம் கருணையைப் பற்றிப் பேச வேண்டாம். அவருடைய கவலைகளைக் கேளுங்கள். வாடகை வருமா, வீடு பாழாகுமா, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களா, பிரச்சினை என்றால் நான் தனியாக மாட்டிக்கொள்வேனா? அநேகமாக எல்லோருக்கும் இவைதான் கவலைகள். முன்பணத்தைக் குழு மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டாலும், சேதம் ஆனால் இந்தத் தொகை வரை நாங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கலாம். பிரிட்டனில் பல ஊர்களில் இப்படி உத்தரவாதக் கடிதத்தின் பேரில் வீடு எடுத்துத் தருகிறார்கள். பெரும்பாலான கடிதங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலையே வராது என்பதால் ஒரே நிதியை வைத்துப் பல வீடுகளுக்கு உத்தரவாதம் சொல்லலாம். ஒரு மாத வாடகை தாமதமானால் குழு கட்டும் என்பதையும், எப்போது கூப்பிட்டாலும் எடுக்கும் எண்ணையும், மாதம் ஒருமுறை வந்து பார்க்கப்போகிறவரின் பெயரையும் அதே காகிதத்தில் சேருங்கள். குடிவரப்போகிறவரையும் உட்காரவைத்து அதைப் படித்துக்காட்டுங்கள், அவருக்குச் சரிப்படாத வரி இருந்தால் மாற்றுங்கள். ஒப்பந்தம் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும், குழுவின் பெயரில் வேண்டாம். மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டுக்காரரிடம் சாவியைக் கேளுங்கள். அவர் அதைக் குடிவருகிறவர் கையிலேயே கொடுக்கட்டும்.